மரத்தில் இருப்பவனைக் கூப்பிடாதே

சந்தவாசல்
4-8-1963

தம்பி தங்கவேலுவுக்கு அக்கா மாணிக்கம்மாள் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்தான் துருப்பிடித்துக் கிடக்கிறது. பேச ஆளில்லை. உனக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போனதிலிருந்து ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கக் கை வரமாட்டேன் என்கிறது. தினமும் மிஞ்சுகிறது. மறுநாள் பழையதாகத் தின்கிறேன், அதுவும் மிஞ்சுகிறது. பக்கத்து வீட்டுச் சகுந்தலா நேற்று எட்டிப் பார்த்து, "யார்கூட பேசினு கீற மாணிக்கம்?" என்று கேட்டாள். அடுப்போடு பேசுகிறேன் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் மாமா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் ஒரு சத்தம் என்றால் அது உன் சத்தம்தான். அதையும் மலைக்குக் கொண்டுபோய்விட்டாய். மல்லாட்டை மண்டியில் கடலை உரிக்கப் போகிற இடத்தில் நாலு பேச்சு காதில் விழுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லை.

ரோட்டு மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை என்றாய். நம்மூர்க் கருப்பனுக்கு விரல் போனது இந்த வேலையில்தானே? ஒழுங்காகக் கயிறு கட்டிக்கொண்டு ஏறு. உடனே ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் அடுப்பிடம் உன்னைப் பற்றிக் கோள் சொல்லுவேன்.

உன் அக்கா,
மாணிக்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
21-8-1963

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உடம்பு முழுக்க முசுறு எறும்பு கடித்த தடிப்பு, அவ்வளவுதான். உன் கால்வலி எப்படி இருக்கிறது? அடுப்பையும் விசாரித்ததாகச் சொல்.

மலைக்குப் பஸ் விடப் போகிறார்களாம். பஸ் தலையில் மூட்டை இருக்கும், கிளை இடிக்கக் கூடாது. அதனால் பாதை ஓரத்துப் புளி, நாவல், பலா எல்லாவற்றுக்கும் முடி வெட்டுகிறோம். காய்ந்த கொப்பை இறக்கிவிட்டு, வெட்டின வாயில் தார் பூச வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துவிடும். மேஸ்திரி பாண்டுரங்கன் ஒரு வெட்டு வாயைக்கூடப் பூசாமல் விடமாட்டார். எங்கள் கைக்காயத்துக்கு மருந்து கேட்டால் மட்டும் அவருக்குக் காது மந்தம்.

கீழே கயிறு பிடிக்கிறவர் உஸ்மான், வாணியம்பாடிக்காரர். தங்கமான மனுஷன். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. மரத்தில் இருப்பவனைக் கீழிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரைக் கேட்டால் மனுஷன் தன்னை அறியாமல் திரும்பிவிடுவான். மேலே இருப்பவன் திரும்பவே கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அரிவாளைத் திருப்பி அடிமரத்தில் தட்டுவார்கள். கை வழியாகச் சத்தம் ஏறும்.

அதனால் காலையில் ஏறினால் மதியம்வரை ஒரு மனிதக் குரல் கிடையாது. பனி வந்து மூடினால் கீழே தரையே தெரியாது. நீ அடுப்போடு பேசுகிறாய், எனக்கு அதுகூட இல்லை. சந்தை நாளில் தபால்காரர் வருவார். உன் கடிதத்தை உஸ்மான் வாங்கி மடியில் வைத்திருந்து, நான் இறங்கின பிறகு தருவார். அன்றைக்கு மட்டும் சாப்பாடு ருசிக்கிறது.

தம்பி,
தங்கவேல்


சந்தவாசல்
10-9-1963

தம்பிக்கு, அக்கா. நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. கலசப்பாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கோபால்சாமி என்று ஒருவர். பெண்சாதி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சகுந்தலாவுக்கு அண்ணன் முறை. என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். சிரிக்காதே. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். போன வாரம் அவரே வந்து வாசலில் நின்றபடி, "இஷ்டம் இல்லன்னா வுட்டுடும்மா. ஆனா தனியா ஒக்காந்து அடுப்புகூட பேசினு இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். சகுந்தலா எல்லாவற்றையும் ஊதி வைத்திருக்கிறாள், அவள் வாயில் மண்ணைப் போட.

நம்மவர்களில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கம்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பிறந்த வீட்டுச் சேலையைக் கூடப்பிறந்தவன் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். எனக்கு நீ ஒருத்தன்தான். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். நாளைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தால் தம்பிக்குச் சோறு போட யார் என்று உனக்குத் தோன்றினால், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். மனசார்த்தான் சொல்கிறேன்.

எனக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. எழுதிவிட்டேன். உடனே பதில் போடு.

அக்கா


ஜமுனாமரத்தூர்
20-9-1963

அன்புள்ள ஜோஹராவுக்கு, உஸ்மான் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் எனக்குச் சுகம். நீயும் குழந்தை சகிலாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மனசு சரியில்லை. தங்கவேல் விழுந்துவிட்டான். நாவல் மரத்தின் உச்சியில் இருந்தான். இடுப்புக் கயிற்றை ஒரு கிளையிலிருந்து அவிழ்த்து அடுத்த கிளைக்கு மாற்றுகிற நேரம். நான் இரண்டு கையாலும் வெட்டின கொப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் புதிது, நல்ல மனிதர், பாவம், எங்கள் வழக்கம் தெரியாது. தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு, "தங்கவேலு! ஒங்க அக்கா கடுதாசி போட்டுகீறாங்க!" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. மலைக்காரர் வீரன் என்பவர் வந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "இது என் கட்டுக்கு அடங்காது, வேலூருக்கு எடுத்துனு போய்டுங்க" என்று அவரே சொன்னார். லாரியும் தயாராக இருந்தது. இவன் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். அவன் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவருகிறது, தம்பி சரி என்றால்தான் கட்டிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறார்.

கேட்டதும், லாரி வேண்டாம் என்றுவிட்டான். வேலூர் போகிற லாரி சந்தவாசல் வழியாகத்தான் போக வேண்டும். டிரைவரும் அந்த ஊர்க்காரர். "நான் இப்டி வந்து படுத்துட்டா, அவ கல்யாணமே வேணாம்னுட்டு என் பக்கத்துல ஒக்காந்துடுவா. ஆயுசுக்கும் ஒக்காந்துடுவா. அவளுக்குத் தெரியவே கூடாது உஸ்மான். அவ கடுதாசியால தான் விழுந்தேன்னு தெரிஞ்சா செத்தே போய்டுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். காண்டிராக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "கவனம் இல்லாம ஏறுனா இப்டித்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறோம். காலையில் நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் அவன் தனியாகத்தான் கிடக்கிறான். நான் செய்தது சரியா ஜோஹரா? எழுது.

உஸ்மான்


ஜமுனாமரத்தூர்
3-10-1963

அக்காவுக்கு வணக்கம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, கல்யாணப் பெண் சுகமாகத்தான் இருப்பாள்.

கட்டிக்கொள். இதற்கு என்னைக் கேட்க வேண்டுமா? சைக்கிள் கடைக்காரர் என்றால் இன்னும் நல்லது, எனக்கு ஒரு சைக்கிள் கேட்டு வாங்கித் தா. தை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போட யார் என்று எழுதியிருக்கிறாய். நான் நன்றாகவே சமைக்கிறேன். உஸ்மானைக் கேட்டுப் பார், அழுதுகொண்டே சாப்பிடுகிறார்.

தீபாவளிக்கு வர முடியாது. மழைக்கு முன்னால் பாதையை முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி உயிரை எடுக்கிறார். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், சோம்பேறித்தனம்.

தம்பி,
தங்கவேல்


சந்தவாசல்
29-10-1963

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன். சகுந்தலா பயந்து ஓடி வந்துவிட்டாள். உடம்பு தேவலையாக இருக்கிறது.

அவரிடம் சொல்லச் சொல்லிவிட்டேன். தையில் நாள் பார்த்திருக்கிறார்கள். உனக்குச் சைக்கிள் உண்டா என்றும் கேட்கச் சொன்னேன். "மலைல சைக்கிள் வுட்டா நேரா வேலூர்லதான் வந்து நிக்கும்" என்றாராம். பரவாயில்லை, உனக்கு ஏற்ற ஆள்தான்.

ஆனால் ஒன்று. நீ படுத்துக்கொண்டு எழுதுகிற ஆள் இல்லையே? பள்ளிக்கூடத்திலேயே பலகையை மடியில் நிமிர்த்தி வைத்துத்தானே எழுதுவாய்? காய்ச்சல் ஏதாவது வந்து மறைக்கிறாயா? நீ வந்து சேலை கொடுத்தால்தான் நான் மணையேறுவேன். இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்.

உன் அக்கா


சந்தவாசல்
5-12-1963

தங்கவேலுவுக்கு. நான் இருக்கிறேன். நீ இருக்கிறாயா?

தீபாவளி போய்விட்டது. கார்த்திகை போய்விட்டது. இரண்டு கடிதம் போட்டேன், ஒரு வரி இல்லை. அடைமழையில் பின்பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. அவர்தான் ஆள் கூட்டி வந்து எடுத்துக் கட்டினார். சுவர் கட்டும்போது, "தம்பிகிட்ட இருந்து சேதி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்று பொய் சொன்னேன். கூடப் பிறந்தவன் எழுதவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இந்தக் கல்யாணம் உனக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைக்கிறேன். வாய்க்குச் சரி என்று எழுதிவிட்டு மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? அப்படி என்றால் சொல்லிவிடு, இன்றைக்கே நிறுத்துகிறேன். இரவெல்லாம் இதே நினைப்பு. வருகிற வாரம் சாமை ஏற்றப் போகிற லாரியில் நானே மேலே வந்து உன் முகத்தைப் பார்க்கப் போகிறேன்.

மாணிக்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
9-12-1963

அக்காவுக்கு. சுகம். நீயும் சுகமாக இரு.

லாரி ஏறி வராதே. கொட்டகையில் ஆண்கள் இருக்கிறோம், பெண்களை விடமாட்டார்கள். வந்தாலும் நான் இருக்க மாட்டேன், வேலை தூரத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. எனக்கு எழுத நேரமில்லை. எத்தனை நாளைக்குத்தான் தம்பி தம்பி என்று என்னையே பிடித்துக்கொண்டு இருப்பாய்? எனக்கும் என் பாடு இருக்கிறது. நீ உன் வீட்டுக்குப் போ, உன் குடும்பத்தைப் பார்.

கல்யாணம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அதைச் சந்தேகப்படாதே. சேலையை உஸ்மான் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் எனக்கு அண்ணன் மாதிரி. வாங்கிக்கொள்.

தங்கவேல்


வாணியம்பாடி
2-1-1964

என் கணவருக்கு ஜோஹரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சகிலாவும் சுகம். அவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. உங்களுக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.

நீங்கள் எழுதினபடி சேலை எடுத்துவிட்டேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இது ஒருத்தருக்கு நல்லது செய்கிற வேலை, செய்யுங்கள். ஆனால் எனக்கு உங்கள் மேலும் கோபம், அந்தத் தங்கவேல் மேலும் கோபம். ஒரு கால் குட்டையாகிப் போச்சு, கோல் இல்லாமல் நடக்க முடியவில்லை, தார்ச் சட்டிக்கு நெருப்புப் போட வைத்திருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். அக்காவுக்குக் கொடூரமாகக் கடிதம் எழுதிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான் என்றும் எழுதினீர்கள். ஆம்பிளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொம்பிளைக்கு நல்லது பண்றதா நெனச்சி, அவ ஈரக்கொலைய அறுக்கிறீங்க. எனக்கு இப்படி ஒரு தம்பி இருந்து, ஊரெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தால், உங்களையும் மன்னிக்க மாட்டேன், அவனையும் மன்னிக்க மாட்டேன்.

கல்யாணம் ரமலானில் வருகிறது. நோன்பு வாயோடு போய் அந்த அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் போகிறீர்களா? யோசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுக்க வரவில்லை.

ஜோஹரா


கலசப்பாக்கம்
27-1-1964

தம்பி தங்கவேலுவுக்கு, அக்கா. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இனிமேல் உன்னிடம் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் உஸ்மான் வந்தார். தட்டில் சேலையை வைத்து நீட்டினார். ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்றேன், நோன்பு என்றார். தம்பி நல்லா இருக்கானா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டேன். "நோன்பு வாயி அக்கா. கேக்காதீங்க" என்றார். அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

பாவி. என் வீட்டு வழியாகப் போக வேண்டும் என்பதற்காகவா ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாய்? காலைக் கொடுத்தா எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தாய்? நான் கேட்டேனா?

சேலையைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு, கல்யாணம் வேண்டாம், நான் மலைக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். ஒரே கூச்சல். மாப்பிள்ளைக் கோலத்தோடு அவர்தான் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இப்பவே மலைக்குப் போலாமா, கட்டிக்கினு போலாமா? ரெண்டுல எதுன்னாலும் நானும் வர்றேன். கட்டிக்கினு போனா, மச்சானக் கூட்டினு வர உரிமையோட கேக்கலாம்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். உஸ்மானை மறுபடி தட்டை எடுக்கச் சொல்லி, அவர் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டேன். "துலுக்கர் கையால பொறந்த வூட்டுச் சீலையா?" என்று ஒரு கிழவர் முனகினார். "என் தம்பி அனுப்புன கை அது" என்றேன். அதையே கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன்.

ஒன்று மட்டும் உஸ்மான் சொல்லவில்லை. கீழே வந்த யாரோ உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதால்தான் திரும்பினாய் என்றார். யார் என்று கேட்டேன், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்க" என்று வெளியே போய்விட்டார். யாராக இருந்தாலும் சரி, அப்படி என்ன தலைபோகிற அவசரம்? அந்தக் கூப்பாடு விளங்காமல் போக. அதற்குக் காரணமானவர்கள் நல்லா இருப்பார்களா? தினமும் விளக்கு வைக்கும்போது சபிக்கிறேன்.

வருகிற வாரம் நானும் உன் மாமாவும் வருகிறோம். இங்கே கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, உனக்குக் கட்டில் போட்டாயிற்று. உட்கார்ந்தபடியே சக்கரத்துக்குக் கம்பி கட்டலாம், பஞ்சர் ஒட்டலாம் என்கிறார். வர மாட்டேன் என்று ஒரு வரி எழுதினாயோ, அங்கேயே உன்னோடு கொட்டகையில் உட்கார்ந்துவிடுவேன்.

உன் அக்கா,
மாணிக்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
31-1-1964

அக்காவுக்கும் மாமாவுக்கும் தங்கவேலின் வணக்கம். கால் வலிக்கிறது. குளிரில் அதிகமாக வலிக்கிறது. இதுவரை எழுதாததை இப்போது எழுதிவிட்டேன்.

அக்கா, கூப்பிட்டவரைச் சபிக்காதே. விளக்கு வைக்கும்போது நிச்சயமாகச் சபிக்காதே. எனக்காக அதை மட்டும் விட்டுவிடு. யார், எதற்கு என்று நீ என்றைக்கும் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்ட சேதிக்காகக் கூப்பிடவில்லை. மேலே அன்றைக்குப் பனி மூடிக் கிடந்தது. காலையிலிருந்து ஒரு குரல் இல்லை. திடீரென்று என் பேர் காதில் விழுந்தது. உலகத்தில் ஒருத்தர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பயந்து திரும்பவில்லை அக்கா. சந்தோஷத்தில் திரும்பினேன்.

வா. மாமாவையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வா.

தம்பி